அறுநூற்று மூன்றில் நாலு பேர்

இந்த வருஷமும் பொங்கல் புதன்கிழமை வந்தது.
நாங்கள் வெள்ளிக்குத் தள்ளிவைத்தோம்.
சூரியனுக்கு ஆட்சேபம் இல்லை;
அபு ஷகராவில் எங்கள் பால்கனிக்கு
எதிர்க் கட்டடத்து டிஷ் ஆன்டெனாக்களைத் தாண்டி
அவர் வந்துசேரவே பத்தரை ஆகும்.

மண்பானை எஸ்தாக்கி வாங்கியது.
ரோலாவில், இருபத்திரண்டு திர்ஹாம்.
பழக்காத பானை, தீயைக் குறை என்றாள் பெர்னதெத்.
குறைத்திருக்கலாம்.
பால் விளிம்பேறி நுரைத்த நேரம்
பொங்கலோ என்று நாங்கள் தொடங்க
மிச்சத்தைப் பானை சொன்னது,
அடி விரிந்து.
பால் கருகியது. துடைக்கப் போட்ட துணி பற்றிக்கொண்டது.
ஆறாம் மாடி அலாரம்
எட்டு மாடிக்கும் அலறியது.

லிஃப்ட் செவ்வாயிலிருந்தே ஓடவில்லை.
படிக்கட்டில் மாரிசெல் ரைஸ் குக்கரோடு இறங்கினாள்,
உள்ளே சோறு வெந்துகொண்டிருந்ததாம்.
ஒரு பையன் பாஸ்போர்ட்டை வாயில் கவ்வியபடி
சட்டைக்குக் கை தேடினான்.
என் கணவர் கரும்பைத் தூக்கி வந்தார்.
ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை.
எங்கள் கல்யாண ஆல்பம் மேலேயே இருந்தது.

பார்க்கிங்கில், ஜனவரிக் குளிரில்,
அறுநூற்று மூன்று முதல்முறையாக
ஒரே இடத்தில் நின்றது.
காகிதத்தில் நாங்கள் நாலு பேர்:
திரவியம், அவர் மனைவி, பிள்ளைகள் இருவர்.
மனைவியும் பிள்ளைகளும் நாகர்கோவிலுக்குப் போய்
ஆறு வருஷமாகிறது.
நிற்பவர்கள் பதினேழு.

அப்போதுதான் இருமல் கேட்டது.
மூன்று முறை, பிறகு ஓர் இடைவெளி,
பிறகு நாலாவது,
மறந்த சாவியை எடுக்கத் திரும்பி வந்தது போல.
இரண்டு வருஷமாக என் தலைமாட்டில்
ஜிப்சம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்கும் இருமல்.
அது மாடு மாதிரி ஒருவராக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
திரும்பிப் பார்த்தால்
சின்ன உருவம், பச்சை மஃப்ளர்,
கடிகாரத்தை வலது கையில் கட்டிய மனிதர்.
'மீராசா' என்றார், நான் கேட்காமலே.
'உங்க வீட்டு அலாரம் அஞ்சே காலுக்கு.
நீங்க மூணு தடவ அணைப்பீங்க.'
கரும்பை ஒடித்து ஒரு துண்டு கொடுத்தேன்.
வேறென்ன செய்ய.

தீயணைப்பு அதிகாரி இறங்கி வந்தார்,
கையில் எங்கள் பானையின் பாதி.
அறுநூற்று மூன்றில் எத்தனை பேர்?
அரபியில்தான் கேட்டார், எல்லோருக்கும் புரிந்தது.
வாட்ச்மேன் ஷோஃபிக்குல் எங்களைப் பார்த்தான்.
உண்மையாகவே எண்ணினான்,
உதடு அசைவதைப் பார்த்தேன்.
எண்ணி முடித்து
'நாலு' என்றான்.
அதிகாரி பதினேழு பேரையும் ஒருமுறை பார்த்தார்.
பானையைத் திரவியத்தின் கையில் வைத்துவிட்டுப் போனார்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.
திங்களன்று கதவில் நோட்டீஸ்.
பலகைகளுக்குப் பத்து நாள்.
விளக்குக் கம்பங்களில் ஒட்டிய தாள்களைப் படித்துப் படித்து
ஆளுக்கொரு பக்கம் அறை பிடித்தோம்,
முவைலா, அஜ்மான்.
எஸ்தாக்கிக்கு மட்டும் கடைசிவரை அமையவில்லை.
பானைக்காரன் என்று தெரிந்துவிட்டதோ என்று
அவனே சொல்லிச் சிரித்தான். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை.

ஒன்பதாம் நாள் ஆட்கள் வந்து
பலகைகளைக் கழற்றினார்கள்.
எங்கள் அறை ஓர் அறையே இல்லை,
ஹாலின் ஒரு மூலை என்று தெரிந்தது.
தரையில் திருகாணி ஓட்டைகள், வரிசையாக,
எறும்புகள் கோடு போட்டுப் பாதியில் விட்டதுபோல.
மிச்சமிருந்த ஏழு பேர்
அன்றிரவு அங்கேயே பாய் விரித்தோம்.
விளக்கை யார் அணைப்பது என்பதில்கூட மரியாதை.

இரண்டு மணி இருக்கும்.
மீராசாவுக்கு இருமல் வந்தது.
இருட்டில் அவர் எழுந்து உட்கார்ந்து
மஃப்ளரைச் சுருட்டி
வாயில் அழுத்திக்கொண்டார்.
தோள் மட்டும் குலுங்கியது,
மூன்று முறை.

பலகை இருந்தவரை
அவர் அப்படிச் செய்ததே இல்லை.
நாலாவதற்காக
நான் விழித்துக் கிடந்தேன்.